பதினான்காவது பெயரை அழித்த சனிக்கிழமை

அந்தச் சனிக்கிழமை என் கை ரப்பருக்குப் பதில் பேனாவை எடுத்திருந்தால், பவானிக்கு அது நல்லதாக முடிந்திருக்குமா? நாலு வருடமாக இந்தக் கேள்வி என்னோடு இருக்கிறது. குழந்தைக்குச் சோறு ஊட்டும்போது வரும். துணி மடிக்கும்போது வரும். விடை மட்டும் வரவில்லை.

வேலை அனுபவம் என்று எழுதுகிறவர்கள் பெரும்பாலும் தலை நரைத்தவர்களாக இருப்பார்கள். எனக்கு முப்பத்திரண்டு வயது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், கார்களுக்கு வயர் கட்டுகள் செய்யும் ஒரு தொழிற்சாலையின் பணியாளர் பிரிவில் ஏழு ஆண்டுகள் உதவியாளராக இருந்தேன். மகள் பிறக்கப்போகிறாள் என்று தெரிந்ததும் நின்றுவிட்டேன். "கொஞ்ச நாளைக்குத்தானே" என்றார் கணவர். அந்தக் கொஞ்ச நாள் மூன்று ஆண்டாகிவிட்டது. நான் ஓய்வு பெற்றவளா, விடுப்பில் இருக்கிறவளா என்று எனக்கே சரியாகத் தெரியாது.

போன மாதம் கௌசல்யா தொலைபேசியில் அழைத்தாள். நான் விட்டுவந்த நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவள் அவள்தான். முகத்தைக் காட்டினால் வருகை பதியும் இயந்திரம் வந்துவிட்டதாம். பழைய பதிவேடுகளை எல்லாம் காகிதக் கடைக்குப் போடச் சொல்லிவிட்டார்களாம்.

"அக்கா, ஒரு பக்கத்துல பதிமூணாவது பேரு இருக்குது, பதினஞ்சு இருக்குது. நடுவுல காலி. அழிச்ச மாதிரி கீது. வெளிச்சத்துல புடிச்சா பவானின்னு தெரியுது. நம்ம மூணாவது லைன் பவானியா அக்கா? அவளாண்டயே கேட்டுரட்டா?"

"கேக்காத" என்றேன். "அந்தப் பக்கத்த மட்டும் கிழிச்சு எனக்கு அனுப்பும்மா. அவகிட்ட ஒண்ணும் கேக்காத."

நான் வேலைக்குச் சேர்ந்த கதையில் சொல்ல ஒன்றும் இல்லை. பொன்னேரியில் வீடு. அப்பா படி என்றார், படித்தேன். பிளஸ் டூ முடித்ததும் பி.காம். என்றார், அதையும் முடித்தேன். படிப்பை விடலாமா தொடரலாமா என்று ஒரு நாள்கூட நான் யோசித்ததில்லை. யோசிக்க வேண்டிய நிலை வரவில்லை. இதை இங்கே சொல்லக் காரணம் இருக்கிறது.

பணியாளர் பிரிவின் பொறுப்பாளர் ராஜமாணிக்கம் சார். திருவாலங்காட்டுக்காரர். வாரம் முழுக்கக் கும்மிடிப்பூண்டியில் ஓர் அறையில் தங்கி, சனிக்கிழமை மாலை ஊருக்குப் போய் நிலத்தைப் பார்த்துவிட்டு வருவார். சட்டைப் பையில் எப்போதும் ஒரு பென்சிலும் பாதி பிளேடும் இருக்கும். பென்சிலை இயந்திரத்தில் சீவ விடமாட்டார். பிளேடால் மெல்லச் செதுக்கி, தூளை ஒரு காகிதத்தில் பிடித்து மடித்துப் போடுவார். அந்த இரண்டு நிமிடமும் யாரும் பேசக் கூடாது.

ஆள் எடுப்பது திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு. வாயிற்காவலர் அறைக்குப் பக்கத்தில் ஒரு மேசை போடுவோம். ஏழு மணிக்கு முன்பே பெண்கள் வரிசையில் நிற்பார்கள். கவரைப்பேட்டை, எளாவூர், ஆரம்பாக்கம், அந்தப் பக்கம் பழவேற்காடு வரைக்கும் இருந்து வருவார்கள். கல்கத்தா நெடுஞ்சாலை லாரிப் புகை பனியோடு சேர்ந்து அங்கேயே நிற்கும். தேநீர்க் கடைக்காரர் சைக்கிளில் வருவார். அந்தக் காலை நேரத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு எங்கேயோ கிளம்ப வேண்டும் போல இருக்கும்.

பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், ஆதார், டி.சி. இந்த மூன்றும் வேண்டும். பதினெட்டு முடிந்திருக்க வேண்டும். நான் மதிப்பெண் பட்டியலில் பிறந்த தேதியைப் பார்ப்பேன். டி.சி.யைச் சார் மட்டும்தான் பார்ப்பார், அதுவும் கீழிருந்து மேலே படிப்பார். "மேல இருந்து படிச்சா எல்லாம் நல்லா இருக்கிற மாதிரியே தெரியும்" என்பார். அங்க அடையாளம் எழுதிய இடம் வந்ததும் நிறுத்தி, "மச்சத்தக் காட்டும்மா" என்று கேட்பார். ஒரு முறை ஒரு பெண் முழங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அங்கே மச்சம் இல்லை.

"இன்னாம்மா, மச்சத்த அக்கா ஊட்லயே வுட்டுட்டு வந்துட்டியா?"

வரிசை முழுக்கச் சிரித்தது. அவள் கொண்டுவந்தது அக்காவுடைய சான்றிதழ். சார் சிரிக்காமல் அதை மடித்துக் கொடுத்து, "அடுத்த வருசம் உன்னோடத எடுத்துக்கினு வா" என்றார்.

டி.சி. எதற்கு என்று நான் கேட்டதுண்டு. "டி.சி. ஸ்கூல்ல இருந்தா பொண்ணும் ஸ்கூல்லதான் இருக்குதுன்னு அர்த்தம். மார்ச் வந்தா ஓடிரும்" என்றார்.

சேர்ந்தவர்களின் பெயரை முதலில் பென்சிலில்தான் எழுதுவார். அதற்குப் பென்சில் வாரம் என்று நாங்களே பெயர் வைத்திருந்தோம். முதல் நாள் எட்டு மணி நேரம் நின்றுகொண்டே டேப் சுற்றியதும் கால் வீங்கிவிடும். புதன்கிழமைக்குள் இரண்டு பேராவது வரமாட்டார்கள். பேனாவில் எழுதிவிட்டால் பி.எஃப். எண் வாங்க வேண்டும், பிறகு அதை ரத்து செய்ய வேண்டும், அதற்கு நாலு கடிதம் எழுத வேண்டும். அதனால் ஆறு நாள் பென்சில். சனிக்கிழமை மூன்று மணிக்கு, பாதியில் நின்றுவிட்டவர்களின் பெயரை அழித்து, கீழே இருக்கும் பெயர்களை மேலே ஏற்றி, எல்லாவற்றின் மேலும் நீலப் பேனாவால் எழுதுவார். அதுவரைக்கும் யாரும் யாரையும் பிடித்து வைக்கவில்லை. வீட்டுக்குப் போகிறேன் என்றால் சான்றிதழைக் கையில் கொடுத்துவிடுவோம்.

பொங்கலுக்கு ஊருக்குப் போகிறவர்களில் பல பேர் திரும்பி வரமாட்டார்கள். அதனால் தை மாதம் எங்களுக்கு ஆள் எடுக்கும் மாதம். பொங்கலுக்கு முந்தைய திங்கட்கிழமை பவானி வந்தாள். பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பம். பிறந்த தேதிப்படி பதினெட்டு முடிந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. டி.சி. இல்லை. சார் வேறு பக்கம் இருந்தார்.

"டி.சி. எங்க?"

"ஸ்கூல்ல கீது அக்கா."

"வாங்கிட்டு வா, எடுத்துக்கறோம்."

அவ்வளவுதான் சொன்னேன். எந்த வகுப்பு என்று கேட்கவில்லை. கேட்கத் தோன்றவில்லை. பதினெட்டு முடிந்த பெண் பள்ளியில் இருப்பாள் என்று நான் நினைக்கவே இல்லை. சின்ன வயதில் மஞ்சள் காமாலை வந்து ஒரு வருடம் போய்விட்டதாம், பிறகுதான் தெரிந்தது.

பொங்கல் முடிந்த அடுத்த திங்கட்கிழமை வந்தாள். சார் டி.சி.யைக் கீழிருந்து படித்தார். பாதியில் நின்றுவிட்டார்.

"நின்னது போன வெள்ளிக்கிழமை. கிளாஸ் பன்னெண்டு. இன்னாம்மா இது? பரீட்சைக்கு ரெண்டு மாசம் கூட இல்லியே?"

"இவங்கதான் சார் டி.சி. கேட்டாங்க" என்று என்னைக் காட்டினாள். குறை சொல்லும் குரல் இல்லை. கேட்டதைக் கொண்டுவந்த பெருமைதான் இருந்தது.

சார் என் பக்கம் திரும்பினார். "நீ கேட்டியா?"

"எல்லார்கிட்டயும் கேக்கறதுதானே சார்..."

"கேக்கறதுதான்" என்றார். மச்சம் பார்த்தார். இடது மணிக்கட்டில் இருந்தது. பென்சிலை எடுத்து அழுத்தி எழுதினார். பதினான்கு, பவானி.

அந்த வாரம் சார் நடுவிலேயே ஊருக்குப் போனார். செவ்வாய்க்கிழமை மாலை பையைத் தூக்கிக்கொண்டு என் மேசைக்கு வந்தார். "நெல்லு சாஞ்சுகினு கீது. அறுப்புக்கு ஆள் கெடைக்கல. நான் போய்த்தான் ஆகணும். சனிக்கிழமை நீயே பேனா போட்டுரு." கதவு வரைக்கும் போய்த் திரும்பினார். "அந்தப் பதினாலாவது பொண்ணு. அவளையே கேளு. இருக்கறேன்னா பேனா, போறேன்னா ரப்பர். உன் யோசனைய அதுல கலக்காத."

புதன்கிழமை மதிய இடைவேளையில் பவானியைத் தேடிப் போனேன். அவளோடு அன்றைக்கே சேர்ந்த கலா என்ற பெண்ணும் இருந்தாள். கலா எளாவூர், பத்தாவதோடு நின்றவள். இரண்டு பேரும் ஒரே டப்பாவில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"கால் வலிக்குதா?"

"அதெல்லாம் இல்லக்கா. வலை பின்னறதுக்கு இது ஜுஜுபி" என்றாள் பவானி. "வலைன்னா நைனா திட்டும். இங்க சூப்பர்வைசர் திட்டறாரு. நைனா அளவுக்கு அவருக்குத் திட்டத் தெரியல."

"இவ கைய நீங்க பாக்கணும்க்கா" என்றாள் கலா. "நான் ஒண்ணு கட்றதுக்குள்ள மூணு கட்டிட்டு என்னைப் பாத்து இளிக்கறா. பேஜாரு புடிச்சவ."

"பரீட்சை எழுத வேணாமா பவானி?"

கலா சட்டென்று டப்பாவைப் பார்த்துக் குனிந்தாள். பவானி கையை நக்கிக்கொண்டே சொன்னாள். "நைனா கை போட் இன்ஜின் பெல்ட்ல மாட்டிக்கிச்சுக்கா. ரெண்டு விரலு. வலை இழுக்க இன்னும் நாலு மாசம் ஆவும்னு சொல்லிட்டாங்க. அம்மா இறால் உரிக்கப் போவுது. நான் ஸ்கூல்ல குந்திக்கினு லாபம் நட்டம் கணக்கு போட்டுக்கினு இருந்தா நல்லாவா இருக்கும்?"

"அது சரி. உனக்கு?"

"எனக்கு இன்னா?"

"உனக்குப் படிக்கணும்னு இருக்குதா?"

கொஞ்ச நேரம் யோசித்தாள். "எனக்கு வேணாம்க்கா" என்றாள். "இங்க புட்ச்சிருக்கு."

இதுதான் பதில். சார் கேட்கச் சொன்னதைக் கேட்டுவிட்டேன், அவளும் சொல்லிவிட்டாள். அதோடு நான் விட்டிருக்க வேண்டும். ஆனால் பதில் சொல்லுமுன் அவள் எடுத்துக்கொண்ட அந்தக் கொஞ்ச நேரம் என்னை விடவில்லை. அந்த நேரத்தில் அவள் மனதில் என்ன இருந்தது என்று நானாக ஒன்றை நினைத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை அவள் அப்பா வாயிலுக்கு வந்தார். வலது கையில் கட்டு. மகளைத் திரும்ப அழைத்துப் போகத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அவர் கேட்டது வேறு. கம்பெனி வண்டி பழவேற்காடு வரைக்கும் வருமா, பொன்னேரியோடு நின்றுவிடுமா என்று கேட்டார்.

"பொன்னேரி வரைக்கும்தாங்க. நீங்க அவள பரீட்சை எழுதச் சொல்லலையா?"

"சொன்னேம்மா. இந்தக் கைய வெச்சுக்கினு எவ்ளோ சத்தமா சொல்ல முடியும்?" என்று சிரித்தார். "அவ இஷ்டம்."

அன்று டி.சி.யின் தலைப்பில் இருந்த எண்ணுக்கு நான் அழைத்தேன். தலைமையாசிரியை பேசினார். பரீட்சை எழுதுகிறவர்கள் பட்டியலில் பவானியின் பெயர் இன்னும் இருக்கிறது, இடைநின்றவர்கள் பட்டியல் திங்கட்கிழமை போகிறது, சனிக்கிழமை மதியத்துக்குள் டி.சி. பள்ளிக்குத் திரும்பி வந்தால் அதை ரத்து செய்துவிட்டு அவளை உள்ளே உட்காரவைத்துவிடுவேன் என்றார். "நல்லா படிக்கற பொண்ணும்மா. மூணு தடவ கேட்டேன். வேலை கெடச்சிருச்சு மிஸ்னு சிரிக்கறா."

அடுத்த ஆண்டு தனித்தேர்வராக எழுதலாமே என்று சிலர் சொல்லக்கூடும். ஏழு ஆண்டில், அப்படிச் சொல்லிவிட்டு வேலைக்கு வந்த பெண்கள் முப்பது நாற்பது பேரையாவது பார்த்திருப்பேன். எழுதியவள் ஒருத்தியைக்கூட நான் பார்த்ததில்லை. எட்டு மணி நேரம் நின்றுவிட்டு வந்து புத்தகத்தை எடுக்க யாரால் முடியும்?

சனிக்கிழமை, மூன்று மணிக்குச் செய்ய வேண்டிய வேலையை நான் காலை பத்து மணிக்கே செய்தேன். அதிசயமாக அந்த வாரம் யாரும் பாதியில் நிற்கவில்லை. ஒன்றிலிருந்து பதினாறு வரை, பதினான்கை மட்டும் தாண்டி, எல்லாப் பெயருக்கும் பேனா போட்டேன். பிறகு ரப்பரை எடுத்தேன். சார் அழுத்தி எழுதியிருந்ததால் எவ்வளவு தேய்த்தும் தடம் போகவில்லை. கீழே இருந்த பெயர்களை மேலே ஏற்ற வேண்டும் என்பதையும் மறந்துவிட்டேன். பேனா போட்ட பிறகு எப்படி ஏற்றுவது? நடுவில் ஒரு காலி இடம் அப்படியே நின்றது.

பவானியை வரச் சொல்லி டி.சி.யைக் கையில் கொடுத்தேன்.

"ஒருத்தரக் குறைக்கச் சொல்லி மேலருந்து சொல்லிட்டாங்க. உன் பேரு விழுந்துடுச்சு பவானி."

அப்படி யாரும் சொல்லவில்லை.

அவள் என்னையும் டி.சி.யையும் மாறி மாறிப் பார்த்தாள். "நான் எதனா தப்பு பண்ணிட்டனாக்கா?"

"இல்ல இல்ல. சூப்பர்வைசர் உன்னைத்தான் ரொம்ப..." காலையில்தான் அவர் வந்து, அந்தப் பொண்ண மட்டும் வுட்றாதீங்க மேடம் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

அரைநாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு அவளோடு நானும் ரயில் ஏறினேன். கவரைப்பேட்டை தாண்டியதும், "கலா இனிமே தனியா சாப்டும்" என்றாள். அது மட்டும்தான். பொன்னேரியில் இறங்கி, பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது பள்ளிக்குள் நுழைந்தோம். தலைமையாசிரியை டி.சி.யை வாங்கிக் குறுக்கே கோடு போட்டார். பவானி வகுப்புப் பக்கம் நடந்துபோனாள். கம்பெனி கொடுத்த செருப்பு அவள் காலில் இருந்தது. திருப்பித் தரச் சொல்ல எனக்கு மறந்துவிட்டது.

அடுத்த செவ்வாய்க்கிழமை சார் வந்தார். எல்லோருக்கும் ஆளுக்கு ஒரு பை புது அரிசி. பதிவேட்டைத் திறந்தார். காலி இடத்தைப் பார்த்தார். ஜன்னல் பக்கம் தூக்கி, சாய்த்துப் பிடித்துப் பார்த்தார். தாள் இடுக்கில் இருந்த ரப்பர் தூளை ஊதினார்.

"கேட்டியா அவளை?"

"கேட்டேன் சார்."

"போறேன்னு சொன்னாளா?"

"ஆமா சார்."

என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அரிசிப் பையை என் பக்கம் தள்ளி, "புது அரிசி. தண்ணி கொறைச்சு வை, குழைஞ்சுரும்" என்றார். அதற்குப் பிறகு நான் வேலையை விடும்வரை ஒரு சனிக்கிழமைகூட அந்தப் பதிவேட்டை அவர் என்னிடம் கொடுக்கவில்லை. அறுவடைக்குப் போனாலும் பூட்டிவிட்டுத்தான் போனார். ஏழு ஆண்டில் நான் மேலதிகாரி சொல்லை மீறியது அந்த ஒரு முறைதான்.

பவானி தேர்ச்சி பெற்றாள், நல்ல மதிப்பெண்ணோடு. இனிப்பு டப்பாவோடு வீட்டுக்கு வந்தாள். கல்லூரியில் ஓர் ஆண்டு படித்தாள். அப்பாவின் கை முழுதாகச் சரியாகவில்லை, வலைக்குத் திரும்பிப் போக முடியவில்லை. படிப்பை விட்டாள். மறுபடி எங்கள் தொழிற்சாலைக்கே வந்தாள். அதற்குள் கம்பெனி நேரடியாக ஆள் எடுப்பதை நிறுத்திவிட்டிருந்தது. கலாவோடு சேர்ந்தவர்கள்தான் கடைசித் தொகுதி. போன தீபாவளிக்கு அவர்கள் எல்லோரையும் நிரந்தரமாக்கிவிட்டார்கள். கலாவுக்குச் சாம்பல் நிறக் கோட்டு. ஒப்பந்தக்காரர் வழியாக வந்த பவானிக்கு நீலக் கோட்டு. இரண்டு பேரும் ஒரே மூன்றாவது லைனில், ஒரே பலகைக்கு முன்னால் நிற்கிறார்கள். பவானியின் கை இப்போதும் வேகம் என்று கௌசல்யா சொல்கிறாள்.

கலா தரச்சோதனைப் பிரிவுக்குப் போகக் கேட்டிருக்கிறாள். பிளஸ் டூ இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்களாம். பவானி அந்தப் பிரிவுக்கான தேர்வை எழுதலாம், ஆனால் நிரந்தரப் பணியாளராக இருக்க வேண்டுமாம். கலாவின் செய்தியைக் கேட்டபோது, பாவம், எனக்குள் ஒரு சின்ன நிம்மதி வந்தது. இரண்டு நாள்கூட அது நிற்கவில்லை. அப்படி நிம்மதிப்பட்டதை நினைத்தும் வெட்கமாக இருந்தது.

நான் ஒரு பெண்ணைப் படிக்கவைத்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். தலைமையாசிரியை அப்படித்தான் சொன்னார். ஆனால் அந்த வயதில் எனக்காக எல்லாவற்றையும் அப்பாவே முடிவு செய்தார், நான் தலையாட்டினேன். ஒரு முறைகூட முடிவெடுத்துப் பழகாத நான், எடுத்துவிட்டு வந்த ஒருத்தியின் முடிவை ரப்பரால் தேய்த்தேன். படிப்பு நல்லது என்பதில் எனக்கு இப்போதும் சந்தேகம் இல்லை. அவளிடம் உண்மையைச் சொல்லி, வாதாடி, அவளே திரும்பிப் போகும்படி செய்திருக்கலாமே. சொன்னால் போகமாட்டாளோ என்ற பயம்தான் என்னைப் பொய் சொல்லவைத்தது. இப்போது என் மகள் காலணியை மாற்றிப் போட்டுக்கொண்டு இதுதான் சரி என்று அடம் பிடிக்கும்போது, உட்கார்ந்து கழற்றிச் சரியாக மாட்டிவிடுகிறேன். மாட்டிவிட்டு, செய்தது சரிதானா என்று யோசிக்கிறேன். கணவர் சிரிக்கிறார்.

பவானி என்னோடு இன்னும் பேசுகிறாள். மாதம் ஒரு முறையாவது அழைப்பாள். என் மகளுக்கு உலர்ந்த இறால் கொடுத்து அனுப்புவாள். தீபாவளி முடிந்து அழைத்தபோது கலாவின் கோட்டைப் பற்றிச் சொல்லிவிட்டு, "அன்னிக்கு மட்டும் ஒரு எடம் இருந்திருந்தா..." என்றாள். பிறகு உடனே, "நீங்க இன்னா பண்ணுவீங்கக்கா, மேலருந்து சொன்னதுக்கு. ரயில்ல கூட வந்தீங்களே, அது போதும்" என்றாள்.

கௌசல்யா அனுப்பிய பக்கம் இப்போது என் மகளின் தடுப்பூசி அட்டை இருக்கும் கோப்பில் இருக்கிறது. சில நாள் எடுத்து ஜன்னல் பக்கம் சாய்த்துப் பார்ப்பேன். பெயர் தெரியும்.

அடுத்த மாதம் மகளின் மூன்றாவது பிறந்தநாள். பவானி வருகிறாள், விடுப்புக்குச் சொல்லிவைத்துவிட்டாளாம். அந்தத் தாளை அவள் கையில் கொடுத்து, மேலிருந்து யாரும் சொல்லவில்லை, நான்தான் அழித்தேன் என்று சொல்லிவிடலாமா? சொன்னால் என் பாரம் இறங்கும், ஆனால் போனதாக அவள் நினைத்திருக்கும் ஓர் இடம், அவளிடமிருந்து எடுக்கப்பட்ட இடமாகிவிடும். சொல்லாவிட்டால் அவள் எனக்கு நன்றி சொல்லிக்கொண்டே இருப்பாள், நானும் வாங்கிக்கொண்டே இருக்க வேண்டும். பிள்ளைகளுக்காக முடிவெடுத்த அம்மாக்களும் அப்பாக்களும் ஆசிரியர்களும் இதைப் படிப்பீர்கள். உங்களுக்காக வேறு யாரோ முடிவெடுத்துவிட்டு உங்களிடம் சொல்லாமல் இருந்தவர்களும் படிப்பீர்கள். நீங்கள் பவானியின் இடத்தில் இருந்தால், தெரிந்துகொள்ள விரும்புவீர்களா? தயவுசெய்து எழுதுங்கள். இந்த முறை கேட்டுவிட்டுச் செய்யலாம் என்றிருக்கிறேன்.